கவுன்சில் வீட்டுத்துறை வேலை: கவுன்ட்டரிலிருந்து கொள்கை மேசைக்கு

வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம், கவுன்சிலிடம் வீடு கேட்டு வந்தவருக்கு நான் எழுதிய முடிவுக் கடிதம் ஒன்றில் வேறொருவருடைய மகளின் பெயர் இருந்தது. முந்தைய வாரக் கடிதத்தைத் திறந்து, பெயரையும் முகவரியையும் தேதிகளையும் மாற்றிவிட்டு, மூன்றாம் பக்கத்தின் நடுவில் இருந்த அந்த ஒரு வரியை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன். கடிதம் பெற்றவரின் வழக்கறிஞர் அதைப் பிடித்துக்கொண்டார். பிடித்ததில் என்ன தவறு? "உங்கள் குடும்ப நிலைமையை முழுமையாக ஆராய்ந்தோம்" என்கிறது கடிதம். உள்ளே வேறு வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். மறுஆய்வில் முடிவு ரத்தானது. மேலாளர் திட்டவில்லை. அந்த வரியின் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு, கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

இங்கிலாந்தில் உள்ளாட்சி வீட்டுத்துறைக்கு, அதிலும் வீடின்மை தொடர்பான கொள்கைப் பணிக்கு, வர ஆசைப்படுகிற தமிழ் இளைஞர்கள் அவ்வப்போது என்னிடம் வழி கேட்கிறார்கள். சிலர் பொதுக்கொள்கையில் முதுகலை முடித்தவர்கள். சிலர் வேறு துறையில் பத்து ஆண்டு கழித்துவிட்டு மாற நினைப்பவர்கள். எல்லோருக்கும் இந்தக் கடிதக் கதையைத்தான் முதலில் சொல்கிறேன். கொள்கை என்றால் அட்டை போட்ட அறிக்கை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். வீட்டை இழக்கப்போகிறவர் கைக்கு அந்த அறிக்கை போவதேயில்லை. அவர் கைக்குப் போவது மூன்று நான்கு பக்கக் கடிதம் ஒன்றுதான். அதை ஒழுங்காக எழுதத் தெரியாதவர் எழுதுகிற கொள்கையை நான் நம்புவதில்லை.

கீழே வருவது இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் சட்டம் வேறு.

எந்தக் கவுன்சிலுக்கு விண்ணப்பிக்கிறீர்கள்?

சின்ன விஷயம்தான், ஆனால் ஆண்டுதோறும் நாலு பேராவது இதில் தடுக்கி விழுகிறார்கள். எல்லாக் கவுன்சில்களுக்கும் வீட்டுப் பொறுப்பு கிடையாது. இரண்டு அடுக்கு நிர்வாகம் உள்ள இடங்களில் வீடின்மைச் சட்டத்தின் கடமைகள் மாவட்டக் கவுன்சிலின் தலையில். முதியோர் பராமரிப்பும் குழந்தைகள் நலமும் கவுன்ட்டி கவுன்சிலிடம். லண்டனின் 32 பரோக்களும், ஒரே அடுக்காக இயங்கும் கவுன்சில்களும் இரண்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கின்றன. கவுன்ட்டி கவுன்சிலுக்கு விண்ணப்பித்து, "உங்கள் வீடின்மை உத்தியில் எனக்குப் பிடித்த பகுதி" என்று எழுதினால், படிப்பவர் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார்.

இந்த இரண்டு அடுக்கை ஒன்றாக்கும் வேலையை அரசு தொடங்கியிருக்கிறது. ஆகவே விண்ணப்பிக்கும் கவுன்சில் இன்னும் சில ஆண்டுகளில் அதே பெயரில் இருக்குமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்கவும் செய்யலாம்.

சட்டத்தை மனப்பாடம் செய்யாதீர்கள், அதன் வரிசையைப் பிடியுங்கள்

இந்தத் துறைக்கு வருவதற்குச் சட்டப் பட்டம் வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தைக் கண்டு பயப்படுகிறவருக்கு இங்கே இடமில்லை, ஏனென்றால் நாள் முழுவதும் புழங்குவது அதில்தான்.

வீடற்றோருக்கு வீடு ஏற்பாடு செய்யும் சட்டக் கடமை கவுன்சில்களின் வீட்டுத்துறைக்கு முதன்முதலில் வந்தது 1977இல். இன்று நாம் புழங்குவது 1996ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் ஏழாம் பகுதி. அதை அடியோடு திருத்தியது 2017ஆம் ஆண்டு வீடின்மைக் குறைப்புச் சட்டம். 2018 ஏப்ரல் 3 முதல் அமலில் இருக்கிறது. 1977ஆம் ஆண்டுச் சட்டமும் 2017ஆம் ஆண்டுச் சட்டமும் அரசு கொண்டுவந்தவையல்ல, தனி உறுப்பினர் மசோதாக்கள். முதலாவதைக் கொண்டுவந்தவர் ஐல் ஆஃப் வைட் தீவின் லிபரல் எம்.பி. ஸ்டீபன் ராஸ். இரண்டாவதைக் கொண்டுவந்தவர் வடமேற்கு லண்டனின் ஹாரோ ஈஸ்ட் எம்.பி. பாப் பிளாக்மன். ஹாரோவில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். நம் கோயிலும் கடையும் இருக்கும் தெருவின் எம்.பி. கொண்டுவந்த சட்டத்தை வைத்துத்தான், வீடற்றோர் உதவி கேட்டு வரும் கவுன்ட்டர்கள் நாடு முழுவதும் இயங்குகின்றன.

கவுன்ட்டரில் கேட்கப்படும் கேள்விகள் ஐந்து. இவர் வீடற்றவரா, அல்லது வீட்டை இழக்கப் போகிறவரா? குடியேற்ற நிலைப்படி உதவிக்குத் தகுதி உண்டா? முன்னுரிமைத் தேவை உண்டா? வேண்டுமென்றே வீட்டை இழந்தாரா? இந்த வட்டாரத்தோடு தொடர்பு உண்டா? புதியவர்கள் செய்யும் தவறு, ஐந்தையும் ஒரே மூச்சில் கேட்டு, எதிலாவது "இல்லை" வந்தால் ஆளை அனுப்பிவிடுவது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததே அதை மாற்றத்தான். 56 நாளுக்குள் வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவர் தகுதியுள்ளவராக இருந்தால், முன்னுரிமைத் தேவை இல்லாவிட்டாலும் தடுப்புக் கடமை, அதாவது வீட்டை இழக்காமல் இருக்க உதவும் கடமை, உண்டு. வீட்டை இழந்துவிட்டால் அடுத்த 56 நாளுக்கு நிவாரணக் கடமை, அதாவது வேறு வீடு கிடைக்க உதவும் கடமை. அதற்குப் பிறகும் வீடு கிடைக்காமல், முன்னுரிமைத் தேவையும் இருந்து, வேண்டுமென்றே இழந்தவர் அல்ல என்றால்தான் முதன்மைக் கடமை, அதாவது கவுன்சிலே இருப்பிடம் ஏற்பாடு செய்யும் கடமை. மூன்று கதவுகள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சாவி.

முன்னுரிமைத் தேவை என்ற இரண்டு சொற்களில்தான் பாதி வழக்குகள் நடக்கின்றன. கர்ப்பிணிகள், பிள்ளைகளோடு இருப்பவர்கள், தீ அல்லது வெள்ளத்தில் வீட்டை இழந்தவர்கள் என்று சில பிரிவுகளில் கேள்வியே எழாது. எழுவது "எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்" என்ற பிரிவில். யாரோடு ஒப்பிட்டு எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்? ஏற்கெனவே தெருவில் இருக்கும் சராசரி ஆளோடு ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் மறுத்துவந்தார்கள். அந்தத் தராசில் மனநோய் கூடச் சாதாரணமாகிவிடும், ஏனென்றால் தெருவில் இருப்பவர்களில் மனநோய் உள்ளவர்கள் அவ்வளவு அதிகம். 2015இல் உச்ச நீதிமன்றம் தராசை மாற்றியது. வீட்டை இழந்தால் ஒரு சாதாரண மனிதருக்கு என்ன ஆகும் என்பதோடு ஒப்பிட வேண்டும் என்றது. ஒப்பீட்டில் ஒரு சொல் மாறியதற்கு எத்தனை கதவுகள் திறந்தன என்று பாருங்கள். கொள்கைப் பணியில் சொல் எவ்வளவு முக்கியம் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இதைத்தான்.

சட்டத்தின் மூலத்தை விட்டுவிட்டு, அரசு வெளியிட்டிருக்கும் வீடின்மை வழிகாட்டு நெறித்தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். அரசின் இணையதளத்தில் இலவசம். ஆறாம் அத்தியாயத்திலிருந்து பத்தாம் அத்தியாயம் வரை மேலே சொன்ன ஐந்து கேள்விகளும் வரிசையாக இருக்கின்றன. பதினோராம் அத்தியாயம், ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதித் தர வேண்டிய வீட்டுத் திட்டத்தைப் பற்றியது. பதினேழாம் அத்தியாயம், ஓர் இருப்பிடம் பொருத்தமானதா என்பது பற்றியது. வாரத்துக்கு ஒன்று என்று படித்தால் இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். முழுத் தொகுப்பையும் ஒரே வாரத்தில் படித்துவிட்டேன் என்று சொன்ன ஒருவரை எனக்குத் தெரியும். அவருக்கு எதுவும் நினைவில் இல்லை.

கவுன்ட்டரில் இரண்டு ஆண்டு

நேராகக் கொள்கை அலுவலராகச் சேர வழி இல்லாமல் இல்லை. உள்ளாட்சிச் சங்கம் நடத்தும் இரண்டாண்டுப் பட்டதாரிப் பயிற்சித் திட்டம் இருக்கிறது; அதில் கவுன்சிலின் பல துறைகளைச் சுற்றிவரலாம். கெட்டிக்காரர்கள் அதில் வருகிறார்கள், நன்றாகவும் இருக்கிறார்கள். இருந்தாலும் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முடிந்தால் முதலில் கவுன்ட்டர். விளம்பரங்களில் இந்தப் பதவிக்குப் பல பெயர்கள் உண்டு: ஹவுசிங் ஆப்ஷன்ஸ் அலுவலர், வீடின்மைத் தடுப்பு அலுவலர், ஹவுசிங் சொல்யூஷன்ஸ் அலுவலர். வேலை ஏறக்குறைய ஒன்றே.

ஏன் என்பதற்கு ஒரு நாள் காலை நடந்ததைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பக்கத்து மேசையில் சக அலுவலர் ஒருவர் ஒரு தமிழ்ப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்தார். தொலைபேசி ஸ்பீக்கரில் மொழிபெயர்ப்பாளர். பெண்ணின் மடியில் மூன்று வயதுப் பையன். காலடியில் பிதுங்கிய கறுப்புக் குப்பைப் பை ஒன்று, அதன் வாயிலிருந்து பள்ளிச் சீருடையின் கை எட்டிப் பார்த்தது. வீட்டை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "வீட்டில் கொஞ்சம் பிரச்சினை. அவர் சில நேரம் கை நீட்டுவார்" என்றார் அந்தப் பெண். தொலைபேசியில் இருந்தவர் அதை ஆங்கிலத்தில், கணவர் அவ்வப்போது காசு கேட்பார் என்று பெயர்த்தார். சக அலுவலர் "பணத் தகராறு" என்று குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார்.

நான் எழுந்து போய் அனுமதி கேட்டு உட்கார்ந்தேன். "அக்கா, கை நீட்டுவார் என்றால், அடிப்பாரா?" என்று கேட்டேன். அவர் முதலில் பையனைப் பார்த்தார். பிறகு தலையை மட்டும் அசைத்தார்.

அந்தத் தலையசைப்பில் அவருடைய சட்ட நிலையே மாறிவிட்டது. குடும்ப வன்முறை நடக்கும் வீட்டில் தொடர்ந்து இருப்பது நியாயம் என்று சட்டம் கருதுவதில்லை. ஆகவே கூரை இருந்தும் அவர் வீடற்றவர். 2021ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குப் பிறகு, வன்முறையால் வீட்டை இழந்தவருக்கு, பிள்ளைகள் இல்லாவிட்டாலும், முன்னுரிமைத் தேவை தானாகவே உண்டு. "பணத் தகராறு" என்ற குறிப்போடு கோப்பு மேலே போயிருந்தால், வேண்டுமென்றே வீட்டை விட்டு வந்தாரா என்ற விசாரணையில் போய் முடிந்திருக்கும்.

பின்னாளில் மொழிபெயர்ப்புச் சேவை ஒப்பந்தத்தைத் திருத்தும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தபோது, வன்முறை பற்றிய கேள்விகளைச் சுற்றி வளைக்காமல் நேரடிச் சொற்களில் கேட்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரி எந்த ஆய்விலிருந்தும் வந்ததல்ல.

கவுன்ட்டர் கற்றுத் தருவது இன்னொன்றும் உண்டு: நம் ஆட்கள் தங்களை வீடற்றவர்கள் என்று சொல்லிக்கொள்வதே இல்லை. "மச்சான் வீட்டில் இருக்கிறோம்", "தெரிந்தவர் ஒரு அறை தந்திருக்கிறார்" என்பார்கள். சட்டப்படி அங்கே தங்கும் உரிமை இல்லாமல், எந்த நாளும் வெளியே போகச் சொல்லலாம் என்ற நிலையில் இருப்பவரும் வீடற்றவராகக் கருதப்படலாம். மானம் கருதி மறைக்கிற சொல்லுக்கும் சட்டத்தின் சொல்லுக்கும் நடுவில் நிற்பது அலுவலர். தமிழ் தெரிந்தவருக்கு இங்கே ஒரு கூடுதல் பலம் இருக்கிறது. விண்ணப்பத்தில் அதைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. தமிழ் தெரியும் என்பதற்காக அலுவலகத்தின் இலவச மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடாதீர்கள். முறையான மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது விண்ணப்பதாரரின் நலனுக்கு. உங்கள் மாமா வீட்டுக்கு நாலு தெரு தள்ளி இருப்பவர் என்றால், அவர் உங்களிடம் எதையும் திறந்து சொல்லவும் மாட்டார்.

விண்ணப்பம்

கவுன்சில் வேலைக்குப் பெரும்பாலும் சுயவிவரக் குறிப்பு மட்டும் போதாது. விளம்பரத்தோடு ஒரு தகுதிப் பட்டியல் இருக்கும்: கட்டாயமானவை, இருந்தால் நல்லது என்பவை. தேர்வு செய்பவர்கள் அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். ஆகவே உங்கள் விளக்கக் கடிதமும் அதே வரிசையில், அதே சொற்களைப் பயன்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் நீங்களே செய்த ஒரு காரியத்தோடு இருக்க வேண்டும். "நாங்கள் செய்தோம்" என்று எழுதுவது நம் பழக்கம். அடக்கம் நல்லதுதான், ஆனால் மதிப்பெண் "நான் செய்தேன்" என்பதற்குத்தான்.

அனுபவம் இல்லையே என்பவர்கள், இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் தொண்டு அமைப்பின் கிளையில் தன்னார்வலராகச் சேருங்கள். பயிற்சி அவர்களே தருவார்கள். வாடகை பாக்கி, அரசு உதவித்தொகை, வெளியேற்ற நோட்டீஸ் எல்லாம் ஆறு மாதத்தில் கைவந்துவிடும். 1966இல் தொடங்கிய ஷெல்டர், 1967இல் தொடங்கிய கிரைசிஸ் போன்ற தொண்டு நிறுவனங்களிலும் இடமுண்டு. இந்தத் துறையின் தொழில்முறை அமைப்பான சார்ட்டர்ட் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஹவுசிங் நடத்தும் படிப்புகளைச் சொந்தக் காசில் உடனே படிக்கத் தேவையில்லை. வேலை கிடைத்த பிறகு பல கவுன்சில்கள் கட்டணத்தைத் தாங்களே ஏற்கின்றன. முதலிலேயே ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

ஏஜென்சி வழியாகவும் நுழையலாம். கவுன்சில்கள் எப்போதும் ஆள் பற்றாக்குறையில் இருப்பதால் தற்காலிக அலுவலர்களை எடுக்கின்றன. சம்பளம் மணிக்கணக்கில் கூடுதலாகத் தெரியும். கவுன்சில் ஓய்வூதியமும் நிரந்தரமும் இல்லை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

நேர்காணலில் பெரும்பாலும் ஒரு வழக்கைக் கொடுப்பார்கள். "இரண்டு பிள்ளைகளோடு ஒரு பெண் வந்திருக்கிறார். வீட்டு உரிமையாளர் நோட்டீஸ் கொடுத்துவிட்டார். என்ன செய்வீர்கள்?" பதற்றத்தில் எல்லோரும் வீடு தேடித் தருவதிலிருந்து தொடங்குகிறார்கள். நோட்டீஸ் செல்லுமா என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். தேதி சரியா, உரிய படிவமா, முன்பணம் பாதுகாப்புத் திட்டத்தில் வைக்கப்பட்டதா? செல்லாத நோட்டீஸைப் பிடித்துவிட்டால் அந்தக் குடும்பம் இருக்கிற இடத்திலேயே இருக்கும். காரணம் சொல்லாமல் வெளியேற்ற உதவிய, 1988ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் 21ஆம் பிரிவை, 2025இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் நீக்குகிறது. இங்கிலாந்தில் அது நடைமுறைக்கு வருவதாகக் குறித்த நாள் 2026 மே 1. பழைய பாடப் புத்தகத்தை வைத்துப் படித்துவிட்டு வந்தால் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

பணம் எங்கே கசிகிறது

கொள்கை மேசைக்கு வரும்போது முதலில் உங்கள் முன் வைக்கப்படுவது ஒரு எக்செல் தாள். தப்பிக்க முடியாது.

இங்கிலாந்தில் தற்காலிக இருப்பிடத்தில் வாழும் குடும்பங்கள் 2025 மார்ச் நிலவரப்படி 1,30,000க்கும் மேல். கவுன்சில்கள் இதற்காகச் செலவிடுவது ஆண்டுக்கு 200 கோடி பவுண்டுக்கும் அதிகம். கவுன்சில் கட்டும் வாடகையில் மத்திய அரசு திருப்பித் தரும் தொகை இன்னும் 2011 ஜனவரியின் வாடகை அளவை வைத்தே கணக்கிடப்படுகிறது. வாடகை இன்றைய விலையில், மானியம் 2011ஆம் ஆண்டு விலையில். நடுவில் உள்ள பள்ளத்தைக் கவுன்சில் தன் பொது நிதியிலிருந்து நிரப்புகிறது. அதே நிதிதான் நூலகத்துக்கும் பூங்காவுக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு இரவு ஒன்றுக்கு 70 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், ஓராண்டுக்கு 25,550 பவுண்டு. அந்தக் குடும்பம் வீட்டை இழந்தது 1,800 பவுண்டு வாடகை பாக்கிக்காக என்றால்? பாக்கியை அடைத்து, உரிமையாளரோடு பேசி, அவர்களை அங்கேயே வைத்திருப்பதுதான் மலிவு. இது எல்லோருக்கும் தெரியும். அப்படியானால் ஏன் நடப்பதில்லை? தடுப்புக்கான பணம் ஒரு தலைப்பில், தற்காலிக இருப்பிடத்துக்கான பணம் வேறு தலைப்பில் இருக்கும். இரண்டுக்கும் இரண்டு மேலாளர்கள். தடுப்பு மேலாளர் மிச்சம் பிடித்த 23,750 பவுண்டு அவருடைய தாளில் தெரியவே தெரியாது. இதைக் கண்டுபிடித்து, இரண்டு தலைப்புகளையும் ஒரே பக்கத்தில் காட்டுகிற கொள்கை அலுவலருக்குக் கவுன்சிலில் மரியாதை தானாக வரும்.

எண்களைச் சந்தேகிக்கவும் பழகுங்கள். தெருவில் படுப்பவர்களின் எண்ணிக்கை இலையுதிர் காலத்தில் ஒரே ஓர் இரவில் எடுக்கப்படுவது. 2010இல் 1,768 பேர், 2024இல் 4,667 பேர். போக்கைக் காட்ட இது உதவும். ஆனால் இரவு பஸ்ஸில் சுற்றிக்கொண்டே தூங்குகிற பெண், பயத்தில் யார் கண்ணிலும் படாமல் மறைந்து படுக்கிறவர், இவர்கள் அந்த எண்ணிக்கையில் வருவதில்லை. அந்த எண்ணை மட்டும் வைத்துப் பெண்களுக்கான படுக்கைகளைத் திட்டமிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொள்கை மேசை

கவுன்ட்டரிலிருந்து நகர எனக்குத் தெரிந்த சிறந்த பாலம் மறுஆய்வு அலுவலர் பதவி. கவுன்சிலின் முடிவை ஏற்காதவர் 21 நாளுக்குள் மறுஆய்வு கேட்கலாம். அதற்குப் பிறகும் சட்டப் பிழை இருந்தால் கவுன்ட்டி நீதிமன்றத்துக்குப் போகலாம். மறுஆய்வு மேசையில் ஓராண்டு உட்கார்ந்தால், எந்த விதி எங்கே உடைகிறது என்பது தெரிந்துவிடும். ஒரே வகை முடிவு மாதத்துக்கு மூன்று முறை ரத்தாகிறது என்றால் பிழை அலுவலரிடம் இல்லை, அவருக்குக் கொடுத்த நடைமுறையில் இருக்கிறது. அதை ஒரு பக்கத்தில் எழுதி மேலாளரிடம் கொடுத்துப் பாருங்கள். உங்கள் முதல் கொள்கை ஆவணம் அதுதான்.

ஒவ்வொரு கவுன்சிலும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது வீடின்மை உத்தி ஒன்றைப் புதுப்பித்து வெளியிட வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு வீடின்மைச் சட்டம். ஒருநாள் அதில் ஓர் அத்தியாயம் உங்கள் தலையில் விழும். எழுதுவதைவிட அதை நிறைவேற்றி எடுப்பதுதான் பாடு. கவுன்சிலை நடத்தும் கவுன்சிலர்களின் அமைச்சரவைக் குழுவுக்குப் போகும் அறிக்கையில் சட்ட விளைவுகள் என்று ஒரு பத்தி, நிதி விளைவுகள் என்று ஒரு பத்தி, சமத்துவத் தாக்கம் என்று ஒரு பத்தி இருக்கும். ஒவ்வொன்றிலும் அந்தந்தத் துறை கையெழுத்திட வேண்டும். நிதித்துறைக்குக் கடைசி நாள் காலை அனுப்பினால் நிச்சயம் திரும்பி வரும். மூன்று வாரம் முன்பே ஒரு தேநீரோடு போய்ப் பேசிவிட வேண்டும். தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் சர்ச்சைக்குரிய எதையும் வெளியிட மாட்டார்கள். அந்தக் காலத்தை முதலிலேயே நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கவுன்சிலர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் உங்கள் ஆலோசனை ஒன்றாகவே இருக்க வேண்டும். சில மூத்த பதவிகளில் இருப்பவர்கள் அரசியலில் ஈடுபடவே தடை உண்டு.

கொள்கைக்கும் கடிதத்துக்கும் என்ன தொடர்பு என்பதை 2015ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று காட்டுகிறது. ஐந்து பிள்ளைகளின் தாய் ஒருவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் மில்டன் கீன்ஸ் அருகே பிளெட்ச்லியில் வீடு தந்தது. அவர் மறுத்தார், கடமை முடிந்தது என்றது கவுன்சில். நீதிமன்றம் கடிதத்தைப் பார்த்தது. அருகில் வீடு ஏன் கிடைக்கவில்லை, எங்கெல்லாம் தேடினார்கள், பிள்ளைகளின் பள்ளிக்கு என்ன ஆகும் என்பதற்குச் சரியான விளக்கம் அதில் இல்லை. முடிவு ரத்தானது. தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. தற்காலிக வீடுகளை எப்படித் திரட்டுவது, எந்த அடிப்படையில் பகிர்ந்தளிப்பது என்பதற்குக் கவுன்சிலர்கள் ஒப்புதல் தந்த கொள்கை இருந்து, அது பொதுவில் வெளியிடப்பட்டிருப்பதே உத்தமம் என்றது. அப்போது ஒவ்வொரு முடிவையும் அந்தக் கொள்கையோடு ஒப்பிட்டு மறுஆய்வு செய்ய முடியும். பின்னால் நிற்க அப்படிப்பட்ட கொள்கை இல்லாவிட்டால் கடிதமும் பலவீனமாகவே இருக்கும்.

மனச்சுமை பற்றி ஒரு வார்த்தை

சொல்லாமல் விட்டால் ஏமாற்றியதாகும். சில அலுவலகங்களில் கவுன்ட்டர், வாசல் காவலாக மாறிவிடுகிறது. "முதலில் இந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வாருங்கள்", "பெய்லிஃப் (வெளியேற்ற வரும் நீதிமன்ற அலுவலர்) வந்த பிறகு வாருங்கள்" என்பார்கள். படிவம் நிரப்பினால்தான் விண்ணப்பம் என்று சட்டம் சொல்லவில்லை. வீடற்றவராக இருக்கலாம் என்று நம்பக் காரணம் இருந்தாலே விசாரிக்கும் கடமை தொடங்கிவிடுகிறது. பெய்லிஃப் வரும்வரை காத்திருக்கச் சொல்வதை வழிகாட்டு நெறித்தொகுப்பும் ஏற்கவில்லை. ஆனால் அப்படிச் சொல்கிற அலுவலர் எப்போதும் கல்நெஞ்சக்காரர் அல்ல. அவர் மேசையில் கைக்கு மீறிய கோப்புகள் இருக்கும், கையில் ஒரு அறைகூட இருக்காது. பிள்ளைகள் உள்ள குடும்பத்தை வேறு வழியில்லாதபோது மட்டும் பி அண்டு பி எனும் காலை உணவு விடுதி அறையில் வைக்கலாம், அதுவும் ஆறு வாரத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் இருந்தும் எண்ணற்ற குடும்பங்கள் அதைத் தாண்டி இருப்பது ஏன் என்று கொள்கை மேசையில் யோசிக்கும்போது, அந்த அலுவலரின் முகமும் உங்கள் நினைவில் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு குடும்பத்துக்கு அறை தேடி ஒவ்வொரு விடுதியாக அழைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு அன்று இரவு தூக்கம் வராது. குழுவில் வாரத்துக்கு ஒரு முறையாவது வழக்குகளைப் பற்றிப் பேச நேரம் ஒதுக்குகிறார்களா என்று நேர்காணலிலேயே கேளுங்கள். முகம் சுளித்தால் அந்த வேலை வேண்டாம்.

இந்த வாரமே செய்யக்கூடியது

உங்கள் வட்டாரக் கவுன்சிலின் வீடின்மை உத்தியை அதன் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு வெளியானது, காலாவதியாகிவிட்டதா என்று முதலில் பாருங்கள். பிறகு, மேலே சொன்ன தீர்ப்பு கேட்கும், தற்காலிக வீடுகளைப் பகிர்ந்தளிக்கும் கொள்கை அங்கே வெளியிடப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், வட்டாரத்துக்கு வெளியே யாரை அனுப்பலாம், யாரை அனுப்பக்கூடாது என்ற பகுதியைப் படித்து, தேர்வு எழுதப்போகும் பிள்ளை உள்ள குடும்பத்துக்கு அது என்ன சொல்கிறது என்று பாருங்கள். கிடைக்காவிட்டால் கவுன்சிலுக்கே எழுதிக் கேளுங்கள். தகவல் சுதந்திரச் சட்டப்படி 20 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை ஒரு கோப்பில் வைத்திருங்கள், நேர்காணலில் "உங்களிடம் ஏதாவது கேள்வி உண்டா?" என்று அவர்கள் கேட்கும்போது தேவைப்படும்.